பெயரின் நீளமும் பதிவேட்டின் கட்டமும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடை என்றால் வாழ்த்துரை வழங்குவது மரபு. அந்த இனிய கடமையை எனக்கு முன்னும் பின்னும் பேசுவோரிடம் விட்டுவிடுகிறேன். விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "ஐயா, கணிப்பொறி பற்றி நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதேனும் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டனர். நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். துறைமுகக் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் எழுத்தனாக என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகு, நம் மாலை வகுப்புப் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து, அவர்களிடமே கணிப்பொறி கற்றவன். பதிவேடு எழுதிப் பழகிய கை என்னும் ஒரு தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன். நம் சங்கம் செய்த ஒரு பிழையைச் சொல்லி, அதன் காரணத்தை விளக்கி, அதிலிருந்து நாம் கற்க வேண்டியதைக் கூறி அமர்வேன்.

நேர்ந்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், திருவொற்றியூர்க் கிளையின் ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றத் தீர்மானித்தோம். அவற்றுள் இரண்டு ஏடுகள் முக்கியமானவை. ஒன்று, மாணவர்க்குச் சங்கம் வழங்கும் உதவித்தொகையைக் குறிக்கும் ஏடு. மற்றொன்று, தட்டச்சுத் தேர்வு போன்ற தேர்வுகளுக்கான கட்டணத்தை மாணவரிடம் பெற்று, மொத்தமாகச் செலுத்துவதற்காக வைத்திருந்த ஏடு. ஒன்று நாம் கொடுத்தது. மற்றது நாம் பெற்றது. இரண்டிலும் பத்திகள் ஒன்றே: மாணவர் எண், நாள், தொகை.

இப்பணியை மேற்கொண்ட இளைஞர் ஆர்வம் மிக்கவர். "நம் பதிவேடு நம் மொழியிலேயே இருக்கட்டும், ஐயா" என்றார். நானும் மகிழ்ந்து ஒப்பினேன். அட்டவணைகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டினார். ஒன்றின் பெயர் 'திருவொற்றியூர்_மாணவர்_உதவித்தொகை'. மற்றதன் பெயர் 'திருவொற்றியூர்_மாணவர்_கட்டணம்'. நாங்கள் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள். விலையின்றிக் கிடைப்பது; உலகெங்கும் பெரிய நிறுவனங்களும் பயன்படுத்துவது.

ஓராண்டு சென்றது. எர்ணாவூரிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு இரண்டாம் தவணை உதவித்தொகை நிறுத்தப்பட்டது. காரணம், கணிப்பொறிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அவ்வாண்டில் இரண்டு தொகைகள் காணப்பட்டன. 'இரு தவணையும் பெற்றாயிற்று' என்று குழு முடிவு செய்தது. அந்தப் பெண் என்னிடம் வந்தார். அழவும் இல்லை, சினக்கவும் இல்லை. "ஐயா, நான் வாங்கியது ஒருமுறைதான். இன்னொன்று நான் கட்டிய பணம். ரசீது இருக்கிறது" என்று கூறி, மடித்து வைத்திருந்த ரசீதை எடுத்து நீட்டினார்.

கட்டணமாக அவர் நம்மிடம் செலுத்திய பணம், நாம் அவருக்குக் கொடுத்த பணமாகப் பதிவாகியிருந்தது! தொகை வேறுபட்டிருந்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. மூன்று மாலைகள் பழைய ரசீதுப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் ஒருவர் மட்டுமல்லர், அவ்வாண்டில் கட்டணம் செலுத்திய ஒவ்வொருவர் கணக்கிலும் இதே கலப்பு நேர்ந்திருந்தது. ஆறு வாரங்கள் கழித்தே அந்தப் பெண்ணின் தவணை அவர் கைக்குச் சென்றது. அதற்குள் அவர் தம் பாலிடெக்னிக் கட்டணத்திற்கு வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார். அந்த வட்டி நம் சங்கத்தின் பிழைக்கு அவர் கொடுத்த விலை. இதை இந்த மலரில் பதிவு செய்வது என் கடமை என்று கருதுகிறேன்.

காரணம் யாது?

கணக்கு எழுதியவர் தவறவில்லை. கூட்டல் தவறவில்லை. தவறியது பெயர். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ஓர் அட்டவணையின் பெயரோ பத்தியின் பெயரோ 63 பைட்டுகளுக்கு மேல் இருக்கலாகாது. மிகுந்தால் அது பெயரின் வாலை வெட்டிவிட்டு, எஞ்சியதைப் பெயராகக் கொள்ளும். பைட்டு என்பது கணிப்பொறி நினைவகத்தின் ஒரு சிறு கட்டம். ஆங்கில எழுத்து ஒன்றை வைக்க ஒரு கட்டம் போதும். தமிழுக்குப் போதாது, அதைப் பின்னர் விளக்குகிறேன்.

நம் இரண்டு பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். 'திருவொற்றியூர்' என்பதற்கு 42 பைட்டு. அடிக்கோடு ஒன்று, ஆக 43. 'மாணவர்' என்பதற்கு 18, ஆக 61. மற்றோர் அடிக்கோடு, ஆக 62. அடுத்து வரும் எழுத்துக்கு மூன்று பைட்டு வேண்டும், இருப்பதோ ஒன்று. ஆகவே இரு பெயர்களும் அந்த இடத்திலேயே வெட்டப்பட்டன. 'உதவித்தொகை' என்னும் சொல்லும் போயிற்று. 'கட்டணம்' என்னும் சொல்லும் போயிற்று. எஞ்சியது 'திருவொற்றியூர்_மாணவர்_' என்னும் ஒரே பெயர்.

இரண்டாம் அட்டவணையை உருவாக்கச் சொன்னபோது, 'இப்பெயரில் ஒன்று ஏற்கெனவே உள்ளது' என்று இயந்திரம் கண்டது. நாம் எழுதியிருந்த கட்டளையோ, 'இல்லையெனில் உருவாக்கு' என்பது. ஆகவே அது உருவாக்காமல் கடந்து சென்றது. பிறகு கட்டண ஏட்டுக்கு என்று நாம் அனுப்பிய வரிகள் யாவும், வெட்டப்பட்ட அதே பெயரின் வழியே, உதவித்தொகை ஏட்டில் போய் விழுந்தன. பத்திகள் ஒன்றாக இருந்தமையால் தடையேதும் எழவில்லை.

இயந்திரம் வாய் மூடி இருந்ததா என்றால், இல்லை. 'பெயர் சுருக்கப்படுகிறது' என்று ஓர் அறிவிப்பும், 'ஏற்கெனவே உள்ளது. கடந்து செல்கிறேன்' என்று மற்றோர் அறிவிப்பும் விடுத்தது. அவற்றை ஒருவரும் படிக்கவில்லை. அந்தப் படிக்காமைக்கு நானும் பொறுப்பு.

எல்லை எதற்கு?

'பெயருக்கு எல்லை வகுத்தது யார்? எதற்கு?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

துறைமுகக் கிடங்கை எண்ணிப் பாருங்கள். தரையில் சம அளவில் கோடு கிழித்துக் கட்டங்கள் போட்டு எண் இட்டிருந்தால், நாற்பதாம் கட்டம் எங்கே என்று தேட வேண்டுவதில்லை. முப்பத்தொன்பது கட்டங்களின் நீளத்தைக் கணக்கிட்டு நேரே போய் நிற்கலாம். கட்டங்கள் வெவ்வேறு அளவில் இருந்தால், முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போக வேண்டும்.

தரவுத்தளத்தின் உள்ளேயும் ஒரு பெரிய பதிவேடு உண்டு. எந்தெந்த அட்டவணைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எத்தனை பத்திகள், அவற்றின் பெயர் என்ன, வகை என்ன என்பனவற்றையெல்லாம் அதுவே குறித்து வைக்கும். ஆங்கிலத்தில் அதை சிஸ்டம் கேட்டலாக் என்பர். நாம் அமைப்புப் பதிவேடு என்று கூறலாம். உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையை 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர் எட்கர் காட், 1985இல் அதற்கான விதிகளை வகுத்தபோது, இப்பதிவேடும் மற்ற அட்டவணைகளைப் போலவே ஓர் அட்டவணையாக இருத்தல் வேண்டும் என்றார். ஊர்க் கணக்கை எழுதும் கணக்கர் தம் வீட்டையும் அதே கணக்கில் எழுதுவது போன்றது அது.

இந்தப் பதிவேட்டை இயந்திரம் ஒவ்வொரு கட்டளைக்கும் புரட்டியாக வேண்டும். நீங்கள் ஒரு மாணவர் பெயரைக் கேட்டாலும், முதலில் அது இப்பதிவேட்டில்தான் பார்க்கும். ஆகையால் இது மிக விரைவாகப் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் அமைப்பில் பெயருக்கு 64 பைட்டுக் கட்டம் ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. பெயர் ஐந்தெழுத்தாயினும் கட்டம் 64தான். மீதி வெறுமையாக இருக்கும். கடைசி ஒரு பைட்டு 'பெயர் முடிந்தது' என்னும் அடையாளத்திற்கு உரியது. ஆகவே நமக்குக் கிடைப்பது 63. பெயர் இவ்வாறு மாறாத அளவில் இருப்பதால், அதற்குப் பின்னால் வரும் விவரங்கள் எந்த இடத்தில் தொடங்கும் என்பது முன்கூட்டியே தெரியும். நிரலாளர் தாம் எழுதிய நிரலில், பதிவின் இத்தனையாவது இடத்தில் இந்த விவரம் என்று நேரே எடுத்துக்கொள்ளலாம். பெயர் நீண்டும் குறுகியும் வருமாயின், அதன்பின் உள்ளவை எல்லாம் இடம் பெயரும். இப்பதிவேட்டைத் தொடும் நிரல் பகுதிகளை எல்லாம் திருத்த வேண்டி வரும்.

இதற்கு விலை உண்டு. ஒரு பெரிய நிறுவனத்தில் 5,000 அட்டவணைகள், ஒவ்வொன்றிலும் 20 பத்திகள் என்று கொள்வோம். பத்திகள் மொத்தம் 1,00,000. பெயர்களுக்கு மட்டும் 64,00,000 பைட்டு. கட்டத்தை இரு மடங்காக்கினால் 1,28,00,000. வட்டில் இடத்தோடு முடிவதில்லை. விரைந்து தேடுவதற்காக வைக்கும் சுட்டுவரிசையிலும், ஒவ்வோர் இணைப்பும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் படியிலும் அதே பெருக்கம் நேரும். ஆகவே எல்லை வகுத்தவர்களைக் குறை கூறுவதற்கு முன், அவர்கள் கணக்குப் பார்த்தே வகுத்தனர் என்பதை ஒப்புக்கொள்வோம்.

இது புதிய வழக்கமும் அன்று. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, பெயர்கள் ஆறு எழுத்துக்கு மேற்படலாகாது என்று விதித்தது. அன்றைய ஐ.பி.எம். 704 இயந்திரத்தில் நினைவகத்தின் ஓர் அலகு 36 பிட். ஓர் எழுத்துக்கு ஆறு பிட். ஆகவே ஓர் அலகில் ஆறு எழுத்தே அடங்கும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் பல ஆண்டுகள் 30 பைட்டே எல்லை. தமிழில் எழுதினால் 'திருவொற்றியூர்' என்னும் ஊர்ப்பெயரே அதில் அடங்காது! 12.2 என்னும் பதிப்பிலிருந்துதான் அது 128 பைட்டு ஆயிற்று. போஸ்ட்கிரெஸ் மென்பொருளிலும் முன்பு 31ஆக இருந்தது. 2002இல் வெளிவந்த 7.3 பதிப்பில் 63ஆக உயர்ந்தது. எல்லை என்பது மனிதர் வகுத்தது, மனிதரால் மாற்றத்தக்கது. இதை இளைஞர்கள் நெஞ்சில் இருத்த வேண்டும்.

ஒரே அளவு, வெவ்வேறு சுமை

இனி, தமிழுக்கு மட்டும் ஏன் மூன்று பைட்டு என்னும் வினாவுக்கு வருகிறேன்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஏற்பாடு யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறைகளுள் இன்று எங்கும் பரவியிருப்பது யுடிஎஃப்-8. 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்தது. இம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. கிரேக்கம், அரபு, ரஷ்ய எழுத்துகளுக்கு இரண்டு. தமிழ், தெலுங்கு, இந்தி முதலிய நம் நாட்டு எழுத்துகளுக்கு மூன்று. யூனிகோடு வரிசையில் நம் எழுத்துகள் பின்னே வைக்கப்பட்டமையே காரணம்.

அதோடு முடியவில்லை. நாம் ஓரெழுத்து என்று எண்ணும் உயிர்மெய்யை யூனிகோடு இரண்டாகக் கொள்ளும்: மெய்யுருவுக்கு ஒன்று, அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஒன்று. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. ஆகவே 'கு' என்பதற்கு ஆறு பைட்டு; 'ர்' என்பதற்கும் ஆறு.

நம் பகுதிப் பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'காசிமேடுமீன்பிடித்துறைமுகம்' என்று சேர்த்து எழுதுங்கள். தமிழ் இலக்கணப்படி எண்ணினால் 14 எழுத்து. யூனிகோடு கணக்கில் 27 குறிகள். பைட்டுக் கணக்கில் 81. எல்லையோ 63. எனவே 21 குறிகளோடு வெட்டு விழும். வெட்டிய பின் எஞ்சுவது 'காசிமேடுமீன்பிடித்துற'. துறைமுகமும் இல்லை, 'துறை' என்பதும் இல்லை, 'றை' என்னும் எழுத்தின் ஐகாரக் குறியைப் பறிகொடுத்து மொட்டையாய் நிற்கும் 'ற' மட்டுமே உண்டு. இயந்திரம் ஒரு குறியின் நடுவே வெட்டுவதில்லை என்பது மெய்தான். ஆனால் எழுத்தின் நடுவே வெட்டிவிடுகிறது; தமிழில் குறி வேறு, எழுத்து வேறு என்பது அதற்குத் தெரியாது.

இதே உதவித்தொகை அட்டவணைக்கு ஆங்கில எழுத்தில் பெயரிட்டிருந்தால் 33 பைட்டில் அடங்கியிருக்கும். தமிழில் 92 ஆயிற்று. சட்டம் ஒன்றே: 'எவராயினும் 63'. படிக்கும்போது சமத்துவமாகவே தோன்றுகிறது. ஆனால் ஒருவருக்கு அது 63 எழுத்து. மற்றொருவருக்கு 21 குறி, அதாவது ஏறத்தாழ பன்னிரண்டு எழுத்து. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்துவிட்டால் நீதி முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களை நம் மக்கள் வேறு பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். யார் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று பார்த்த பிறகே அளவு நீதியானதா என்று கூற முடியும். இங்கே எவரும் நமக்குத் தீங்கு நினைத்து இதைச் செய்யவில்லை. நம்மை நினையாமல் செய்தார்கள்.

நினைத்துச் செய்ய வழியும் உண்டு. மைசீக்குவெல் என்னும் மற்றொரு தரவுத்தளம் எல்லையைப் பைட்டில் கூறாமல் 64 குறிகள் என்று கூறுகிறது. அங்கே தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் ஒரே இடம். மேலும், பெயர் மிகுந்தால் அது வெட்டுவதில்லை. 'நீளம் மிகுந்தது' என்று மறுத்துவிடும். ஆரக்கிளும் அவ்வாறே மறுக்கும். வெட்டுவதைவிட மறுப்பது நன்று என்பது என் கருத்து. மறுக்கப்பட்டவன் காரணம் கேட்பான். வெட்டப்பட்டவனுக்குத் தான் வெட்டப்பட்டதே தெரியாது.

தமிழ்நாட்டிலும் இப்பொருள் பற்றிய எண்ணம் எழாமலில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்னும் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. அவை ஒரு பைட்டுக் குறியேற்றங்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோது, 'டேஸ்-16' என்னும் முறையையும் உடன் ஏற்றது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண்; எழுத்து ஒன்றுக்கு 16 பிட்; நம் காசிமேட்டுப் பெயர் 28 பைட்டில் அடங்கும். ஆயினும் அது யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அமைந்தமையால், உலகப் பொதுவழக்கில் செல்லுபடியாவது யூனிகோடின் பழைய தமிழ் வரிசையே.

பெயர் வேறு, எண் வேறு

அப்படியானால் எல்லை இல்லாமலே இருக்கட்டுமே என்று சிலர் கூறலாம். அதுவும் பொருந்தாது. எதற்கு எல்லை வேண்டும், எதற்குக் கூடாது என்று பிரித்தறிவதே கல்வி.

துறைமுகத்துச் சரக்குப் பெட்டகத்தை நம்மில் பார்க்காதவர் இல்லை. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் தொடங்கியது முதல், இச்சாலைகளில் அவை ஓடாத நாளில்லை. ஒவ்வொரு பெட்டகத்தின் மேலும் ஓர் எண் இருக்கும். உடைமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்து, வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, ஆறு இலக்கம், இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம்; ஆகப் பதினொன்று. உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும் அதே பதினொன்று. எழுதும்போது ஓர் இலக்கம் தவறினால், கடைசி இலக்கம் ஒத்துவராமல் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டகத்துக்குள் இருப்பது தோலா, துணியா, இயந்திர உறுப்பா என்பதை அவ்வெண் கூறாது. அதற்குச் சரக்குப் பட்டியல் தனியே உண்டு. எண் குறுகியது, பட்டியல் நீண்டது. இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன.

இருப்புப்பாதையிலும் இதே முறை. 1856இல் திறக்கப்பட்ட நம் இராயபுரம் நிலையத்துக்கு ஆர்.பி.எம். என்று குறியீடு. திருவொற்றியூருக்கு டி.வி.டி.; எண்ணூருக்கு இ.என்.ஆர். சென்ட்ரல் நிலையத்தைப் பாருங்கள். மதராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. 2019இல் அந்நிலையத்துக்குப் 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஊர்ப்பெயர் மாறியது, நிலையப் பெயர் நீண்டது, எம்.ஏ.எஸ். என்னும் குறியீடு மட்டும் மாறவில்லை. பதிவுச் சீட்டில் அந்த நீண்ட பெயர், 'எம்ஜிஆர் சென்னை' என்பதன் பின் சி.டி.எல். என்று மூன்றெழுத்துச் சேர்த்து, ஆங்கிலத்தில் இடைவெளிகளோடு பதினைந்தே இடத்தில் அடக்கப்பட்டிருக்கும். நிலையத்துக்கு அதனால் குறையில்லை. முகப்பில் முழுப்பெயர் நிற்கிறது.

ஆனால் மனிதருக்கு? என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கூலிப் பட்டியல் எழுதியவர் அவர் பெயரைப் பாதியில் நிறுத்தி எழுதுவது வழக்கம். 'இவனுக்கு இவ்வளவு பெயர் போதும்' என்று எழுதியவர் எண்ணியிருக்கலாம். இறுதிவரை தாள்களில் என் தந்தையார் அரைப்பெயரோடே வாழ்ந்தார். நம் மக்களுக்குப் பெயர் என்பது சிறு செய்தி அன்று. 1922இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா அவர்கள், அரசு ஆவணங்களில் நம்மை இழிவாகக் குறித்த பழைய பெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுத வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தது எதற்காக? பதிவேட்டில் எழுதப்படும் பெயரே அலுவலகத்தில் நம் முகம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகையால் மூன்றையும் பிரித்து வையுங்கள். அட்டவணைக்கும் பத்திக்கும் நாம் இடும் பெயர் இயந்திரம் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. அது குறுகியிருப்பது நன்று. மாணவர் எண், பெட்டக எண் போன்றவை அடையாளக் குறிகள். அவையும் மாறாத நீளத்தில் இருத்தல் நன்று. மனிதரின் பெயர் இவ்விரண்டும் அன்று. அது பதிவேட்டுக்குள் வைக்கப்படும் செய்தி. அமைப்புப் பதிவேட்டின் 63 பைட்டு எல்லை அதற்குப் பொருந்தவே பொருந்தாது. போஸ்ட்கிரெஸ் உட்பட இன்றைய தரவுத்தளங்கள் யாவும் நீளம் மாறும் எழுத்துத் தொடரை வேண்டிய அளவு ஏற்கும். அவ்வாறிருக்க, ஒரு படிவத்தில் பெயருக்கு இருபது கட்டம் மட்டும் வைப்பது வடிவமைத்தவரின் கவனக்குறைவு. அதனால் சாதிச் சான்றிதழில் ஒரு பெயரும் மதிப்பெண் பட்டியலில் அதன் பாதியும் நின்று, 'இருவரும் ஒருவரே' என்று மெய்ப்பிக்கும் வேலை படிக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. அந்தச் சுமையை ஏற்றுபவர்களாக நம் பிள்ளைகள் ஒருநாளும் இருக்கலாகாது.

கைக்கொள்ள வேண்டியவை

இளைஞர்களே, நீங்கள் நாளை துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் அரசு அலுவலகத்திலும் பதிவேடுகளை அமைக்கப் போகிறவர்கள். இப்பிழைக்குப் பின் நம் சங்கம் வகுத்துக்கொண்ட சில விதிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, அட்டவணைப் பெயர் குறுகியதாக இருக்கட்டும். 'உதவித்தொகை', 'கட்டணம்' என்றாலே போதும். எந்தக் கிளை என்பது பெயரில் வேண்டாம். அட்டவணைக்குள் ஒரு பத்தியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் பெயரிலேயே திணிக்க முயன்றதுதான் நம் முதற்பிழை. தமிழில் பெயரிடுவதை நாம் கைவிடவில்லை, நீட்டுவதைக் கைவிட்டோம்.

இரண்டாவது, நீண்ட பெயர் தவிர்க்க முடியாதாயின், வேறுபடுத்தும் சொல்லை முன்னே வையுங்கள். வெட்டு வாலில்தான் விழும், தலை தப்பும். 'கட்டணம்_மாணவர்_திருவொற்றியூர்' என்று வைத்திருந்தால் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகளே போயிருக்கும், கணக்குக் கலந்திராது.

மூன்றாவது, முழு விளக்கத்தைத் தனியே எழுதி வையுங்கள். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ஒவ்வோர் அட்டவணைக்கும் பத்திக்கும் விளக்கக் குறிப்பு எழுத 'காமென்ட்' என்னும் கட்டளை உண்டு. அதற்கு 63 என்னும் எல்லை இல்லை. கைப்பிடி சிறிதாகவும் விளக்கம் பெரிதாகவும் இருக்க அங்கே வழி உள்ளது.

நான்காவது, இயந்திரம் விடுக்கும் அறிவிப்பைப் படியுங்கள். பிழை என்று சிவப்பில் வந்தால் மட்டும் பார்ப்பதும், மற்றதைத் தள்ளிவிடுவதும் கூடாது. நம் மாணவியின் ஆறு வாரத்தையும் வட்டியையும் காத்திருக்கக்கூடிய செய்தி, ஒருவரும் படிக்காத இரண்டு வரிகளில் இருந்தது.

ஐந்தாவது, தாள் ரசீதை எறியாதீர்கள். கணிப்பொறி சொல்வதும் கையில் உள்ள ரசீதும் மாறுபட்டால், ரசீதோடு வந்தவரை முதலில் அமரச் செய்து கேளுங்கள்.

இன்னும் ஒன்று. போஸ்ட்கிரெஸ் 1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. இன்று அதன் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாய்த் திறந்திருக்கிறது. 64 என்னும் அந்த எண்கூட நிரலில் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பதுதான். அதை மாற்றி மென்பொருளை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் பழைய அளவுக்கென உருவாக்கிய துணை மென்பொருள்கள் அதனோடு சேரா. ஆதலால் தனியே மாற்றிக்கொள்வதைவிட, 'பைட்டில் எண்ணாதீர், எழுத்தில் எண்ணுங்கள்' என்று அதை ஆக்குவோரின் அவையிலேயே எடுத்துரைப்பது மேல். 31ஐ 63 ஆக்கியவர்களும் அவ்வாறு எடுத்துரைத்தவர்களே. அந்த அவையில் வடசென்னையிலிருந்து ஒரு குரல் எழ வேண்டும். அது நம் மாலை வகுப்பில் படித்த குரலாக இருக்க வேண்டும் என்பது என் அவா.

அந்த எர்ணாவூர் மாணவி இப்பொழுது நம் சங்கத்தின் பதிவேட்டுக் குழுவில் இருக்கிறார். புதிய அட்டவணை எதையும் உருவாக்கும் முன், பெயரைப் பைட்டுக் கணக்கில் எண்ணிப் பார்த்து ஒப்பம் இடுபவர் அவரே. எனக்கு அவர் இட்ட கட்டளை ஒன்று: "ஐயா, ஏட்டின் பெயர் எவ்வளவு குறுகினாலும் குறுகட்டும், பிள்ளைகளின் பெயரை மட்டும் முழுதாக எழுதுங்கள்." அதை மீறாமல் எழுதிவருகிறேன்.